எந்தக் கிண்ணத்தின் மேல் கை நீட்டுவாய்?

கேள்வி: எனக்கு வயது 31. இளையோருக்கான ஃபேண்டஸி நாவல்கள், கொடிய எதிர்கால உலகத்தைக் காட்டும் டிஸ்டோபியன் நாவல்கள் என்றால் உயிர். என் கருத்துகளைச் சொல்லிவிடுகிறேன். ஹங்கர் கேம்ஸ் தொடரில் மூன்றாவதான மாக்கிங்ஜேதான் சிறந்தது, பிடிக்கவில்லை என்பவர்கள் மறுபடி படிக்கட்டும். டைவர்ஜென்ட் தொடரின் கடைசிப் புத்தகமான அலீஜியன்ட் முடிந்த விதத்தை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. முக்கோணக் காதலைத் தடை செய்ய வேண்டும். ஃபேண்டஸியைவிட டிஸ்டோபியா ஒரு படி மேல், மந்திரம் கையில் இருந்தால் அப்புறம் கஷ்டம் ஏது? அக்கா என்னைப் பார்த்து, "இந்த வயசுலயும் பிள்ளைங்க புத்தகமா?" என்கிறாள். அதுகூடப் பரவாயில்லை. அவள் மகளுக்கு 13 வயது. டைவர்ஜென்ட் முதல் பாகத்தை முடித்த கையோடு என்னிடம் ஓடி வந்தாள். "ஹங்கர் கேம்ஸ் முன்னாடி இதெல்லாம் ஒண்ணுமே இல்ல, மூணாவது புத்தகத்துல அழுதுட்டுத் தூக்கி எறிவ பாரு" என்றேன். பதிலாக தி கிவர் நாவலைக் கொடுத்தேன். பாதியில் வைத்துவிட்டு, "எதுவுமே நடக்கல சித்தி" என்றாள். இரண்டு மாதமாக என்னிடம் புத்தகம் பற்றி வாயே திறப்பதில்லை. நான் செய்தது தப்பா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், அந்த இடத்தில் தப்புச் செய்துவிட்டீர்கள். சரிசெய்யக்கூடிய தப்புதான். ஆனால் அதற்கு முன்னால் உங்கள் கருத்துகளைப் பேசியே ஆகவேண்டும். இந்தப் புத்தகங்களை இவ்வளவு ஆசையாகச் சண்டை போட்டுப் படிக்கிற ஒருவரின் கடிதம் எனக்கு அடிக்கடி வருவதில்லை. (முடிவு தெரிந்துவிடக் கூடாது என்பவர்கள் அடுத்த நான்கு பத்திகளைத் தாண்டிவிடுங்கள். பல முடிவுகளை உடைக்கப்போகிறேன்.)

மாக்கிங்ஜே விஷயத்தில் நான் முழுக்க உங்கள் கட்சி. 2010இல் வந்த புத்தகம். அதன்மேல் சொல்லப்படும் குறை எப்போதும் ஒன்றுதான்: முதல் இரண்டு பாகங்களில் வில்லெடுத்து நின்ற நாயகி காட்னிஸ், இதில் அலமாரிக்குள் ஒளிந்துகொள்கிறாள், மருந்து மயக்கத்தில் கிடக்கிறாள், மனநிலை சரியில்லை என்று கையில் பட்டை கட்டிவிட்டிருக்கிறார்கள். நாயகி இப்படியா இருப்பாள் என்று கேட்கிறார்கள். ஒருவர் மட்டும் மிஞ்சும்வரை இருபத்து மூன்று பிள்ளைகள் சாகிற போட்டி மைதானத்தில் ஒரு முறை பிழைத்து, மறு வருடம் மறுபடியும் உள்ளே அனுப்பப்பட்ட பதினேழு வயதுப் பெண் வேறு எப்படி இருப்பாள்? தொடரை எழுதிய சூசன் காலின்ஸின் அப்பா விமானப்படையில் இருந்தவர், வியட்நாம் போருக்குப் போனவர். ஒரு ராத்திரி டிவி சேனல்களை மாற்றிக்கொண்டிருந்தபோது ஒரு பக்கம் இளைஞர்கள் போட்டியிடும் ரியாலிட்டி ஷோ, இன்னொரு பக்கம் ஈராக் போர்க் காட்சி என்று இரண்டும் ஒன்றோடொன்று குழம்பிய இடத்தில்தான் இந்தக் கதை பிறந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அப்படிப் பிறந்த கதை வெற்றி ஊர்வலத்தோடு முடிந்திருந்தால் அதுதான் ஏமாற்று.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கணக்கு விஷயத்திலும் அவர் நேர்மையானவர். முதல் புத்தகத்தில் அந்தச் சாவுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் குலுக்கல் வரும் இடத்தை எடுத்துப் பாருங்கள். பன்னிரண்டு வயதில் பெயர் ஒரு சீட்டு. வருடத்துக்கு ஒன்று கூடும். பசி தாங்காதவர்கள் ஓர் ஆளுக்கான ஒரு வருடத் தானியத்தையும் எண்ணெயையும் வாங்கிக்கொண்டு இன்னொரு சீட்டு போடலாம். தனக்கு, தங்கைக்கு, அம்மாவுக்கு என்று காட்னிஸ் ஐந்து வருடம் அப்படி வாங்கியிருக்கிறாள். ஐந்தும் பதினைந்தும் இருபது. அவள் பெயர் இருபது சீட்டுகளில். தங்கை ப்ரிம் பெயர் ஒரே ஒரு சீட்டில், வருவதோ அந்த ஒன்று. ஏழைப் பிள்ளைகள்தான் அதிகம் சாக வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்காது. குலுக்கலைப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். இதை ஒரு பக்கத்தில், ஒரு பெண் விரல்விட்டு எண்ணுகிற கணக்காகச் சொல்லிவிட்டுப் போகிறார். எத்தனை முறை படித்தாலும் எனக்கு அந்தப் பக்கத்தில் வயிற்றைப் பிசையும்.

முக்கோணக் காதலைத் தடை செய்வது பற்றி: பொதுவாக ஒப்புக்கொள்கிறேன், இந்த ஒரு தொடருக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். காட்னிஸை நேசிக்கும் கேல், பீட்டா இருவரில் யார் என்பது இங்கே போரைப் பற்றிய கேள்வி. முதல் குண்டு வெடிக்கும், காப்பாற்ற ஆட்கள் ஓடி வருவார்கள், அப்போது இரண்டாவது வெடிக்கும் என்று ஒரு பொறியை யோசித்தவர்களில் கேல் ஒருவன். அப்படி ஓடி வந்தவர்களில் ப்ரிம் இருந்தாள். அது தன்னுடைய குண்டுதானா என்று கேலுக்கே தெரியாது. அதற்குப் பிறகு காட்னிஸ் அவனோடு வாழ முடியுமா என்பதைக் காதல் குழப்பம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. மற்ற தொடர்களில் வருகிற இரண்டு அழகன்களைத் தாராளமாகத் தடை செய்யுங்கள்.

இப்போது அலீஜியன்ட். உங்கள் கோபத்தைப் படித்தபோது ஒன்று தோன்றியது. மாக்கிங்ஜே போரின் விலையைக் கேட்டு வாங்குவதால் அதைக் கொண்டாடுகிறீர்கள். அலீஜியன்ட் அதே விலையை நாயகி ட்ரிஸ்ஸின் உயிராகக் கேட்டால் மன்னிக்க மாட்டேன் என்கிறீர்கள். எனக்கு அவளுடைய சாவில் குறை இல்லை. தன்னையே கொடுப்பது என்றால் என்ன என்று முதல் பாகத்திலிருந்தே அந்தப் பெண் கேட்டுக்கொண்டிருக்கிறாள். என் வருத்தம் வேறு. முதல் இரண்டு பாகங்களை ட்ரிஸ் மட்டும் சொல்கிறாள். மூன்றாவதில் திடீரென்று அவளும் அவள் காதலன் டோபியஸும் மாறி மாறிச் சொல்கிறார்கள். இரண்டு குரலும் ஒன்றுபோலவே இருக்கும், யார் பேசுவது என்று அத்தியாயத் தலைப்பைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும். இன்னொரு குரல் எதற்கு என்று யோசித்தவர்களுக்கு முடிவு பாதியிலேயே தெரிந்துபோயிருக்கும். அத்தனை பெரிய இழப்புக்கு அந்தக் குரல் தயாராக இல்லை. உங்களை நோகடித்தது அதுதானோ என்று நினைக்கிறேன். 

சரி, உங்கள் அக்கா மகளுக்கு வருவோம்.

அவள் எந்த இடத்தைப் படித்துவிட்டு உங்களிடம் ஓடி வந்திருப்பாள் என்று ஊகிக்கிறேன். 2011இல் டைவர்ஜென்ட் வந்தபோது வெரோனிகா ராத்துக்கு 22 வயது. கல்லூரியில் படிக்கும்போதே எழுதிய புத்தகம். அந்த வயதுக்காரர்தான் எழுத முடியும் என்று தோன்றுகிற காட்சி ஒன்று அதில் உண்டு. பதினாறு வயதுப் பிள்ளைகள் ஐந்து பெரிய கிண்ணங்கள் முன்னால் நிற்கிறார்கள். ஒன்றில் சாம்பல் நிறக் கற்கள், ஒன்றில் தண்ணீர், ஒன்றில் மண், ஒன்றில் கண்ணாடி, ஒன்றில் எரியும் கரி. கையைக் கத்தியால் கீறி, எந்தக் கிண்ணத்தில் ரத்தம் சொட்டுகிறதோ அந்தக் கூட்டம்தான் இனி அவர்கள் குடும்பம். ட்ரிஸ்ஸின் அண்ணன் முதலில் போய் வேறு கூட்டத்தைத் தேர்ந்தெடுத்துவிடுகிறான். அடுத்து இவள். இவளும் போனால் அப்பா அம்மாவுக்கு யாரும் மிச்சமில்லை. கை, பிறந்த கூட்டத்தின் கற்களுக்கும் கரிக்கும் நடுவில் நிற்கிறது. அப்புறம் ரத்தம் கரியில் விழுந்து பொசுங்குகிறது. வெளியே போகும்போது திரும்பிப் பார்க்கிறாள். அப்பாவின் கண்ணில் குற்றச்சாட்டு. அம்மா சிரிக்கிறாள்.

13 வயதுப் பெண்ணுக்கு அந்த அம்மாவின் சிரிப்பு என்னவெல்லாம் சொல்லியிருக்கும்! வீட்டில் எல்லோரும் எதிர்பார்க்கிறதைவிட்டு வேறொன்றை எனக்குப் பிடிக்கலாமா, பிடித்தால் அதன் பிறகும் என்னை நேசிப்பார்களா என்று கேட்கத் தொடங்குகிற வயது அது. அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் உங்களிடம் வந்தாள், அம்மாவிடம் போகவில்லை. நீங்கள் தரவரிசைப் பட்டியலை எடுத்துக் காட்டிவிட்டீர்கள். போதாததற்கு மூன்றாவது புத்தகத்தின் அழுகையையும் முன்கூட்டியே எடுத்துக்கொண்டீர்கள். எனக்குப் பதினான்கு வயதில், பாதி படித்த ஒரு நாவலின் முடிவை ஒரு பெரியவர் என்மேலிருந்த பிரியத்தில்தான் சொல்லிவிட்டார். இன்றுவரை அந்தப் புத்தகத்தின் கடைசி அத்தியாயம் எனக்குச் சொந்தமாகவில்லை.

தி கிவர் அருமையான தேர்வு, கொடுத்த விதம்தான் சரியில்லை. "அதை விடு, இதைப் படி" என்று கொடுத்த புத்தகத்தை எந்தப் பிள்ளையும் விரும்பிப் படிக்காது. மேலும் "எதுவுமே நடக்கல" என்று அவள் சொன்னது நுணுக்கமான வாசிப்பு. லோயிஸ் லோரி 1993இல் எழுதிய அந்தக் கதையில் எதுவுமே நடக்காத ஊர்தான் விஷயமே. பன்னிரண்டு வயதை எட்டப்போகும் ஜோனஸ் நண்பனோடு ஆப்பிளைத் தூக்கிப் போட்டுப் பிடித்து விளையாடுகிறான். காற்றில் ஒரு நொடி அந்த ஆப்பிள் என்னவோ மாறுகிறது. என்ன மாறியது என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு எடுத்துப்போய் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறான், ஒன்றும் இல்லை. அதுவரை அந்த ஊரில் நிறமே கிடையாது என்பதை நாமும் கவனித்திருக்க மாட்டோம். அந்த மாற்றத்துக்குப் பெயர் சிவப்பு என்று அவனுக்குத் தெரியவருவது பன்னிரண்டாவது அத்தியாயத்தில். மொத்தம் இருபத்து மூன்று அத்தியாயங்கள்.

இனி உங்களோடு நான் உடன்படாத இடம். மந்திரம் இருந்தால் கஷ்டம் ஏது என்று கேட்டீர்கள். உர்சுலா கே. லெ குவின் 1968இல் எழுதிய எ விஸார்ட் ஆஃப் எர்த்சீயை நீங்கள் படித்ததில்லை என்று அந்தக் கேள்வியே சொல்கிறது. ஆடு மேய்த்த பையன் கெட் மந்திரப் பள்ளிக்குப் போகிறான். சக மாணவன் சீண்டினான் என்பதற்காக, தன் திறமையைக் காட்ட, செத்தவர்களின் உலகத்திலிருந்து ஓர் ஆவியை அழைக்கிறான். கூடவே பெயரில்லாத ஒரு நிழலும் வந்துவிடுகிறது. அது அவன் முகத்தைக் கிழித்துத் தழும்பாக்குகிறது. திறந்த வழியை மூடப்போய்த் தலைமை மந்திரவாதி உயிரை விடுகிறார். ஓரிடத்தில் மழை பெய்யவைத்தால் இன்னோரிடத்தில் வறட்சி வரலாம் என்பது அந்த உலகத்தின் பாடம். கஷ்டம் முழுவதும் அந்த மந்திரத்திலிருந்தே வருகிறது. நிழலை அவன் கடைசியில் எப்படிச் சந்திக்கிறான் என்பதைச் சொல்ல மாட்டேன். இப்போதுதான் உங்களைத் திட்டியிருக்கிறேன்!

அக்கா சொன்னதற்கும் ஒரு வார்த்தை. தி கிவரை எழுதும்போது லோரிக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. 2001ஆம் ஆண்டுக்கான பிரிட்டனின் விட்பிரெட் இலக்கியப் பரிசில், பெரியவர்களுக்கான நாவல்களையெல்லாம் தாண்டி 'ஆண்டின் சிறந்த புத்தகம்' ஆனது பிலிப் புல்மனின் தி ஆம்பர் ஸ்பைகிளாஸ். பிள்ளைகள் புத்தகம் ஒன்றுக்கு அந்தப் பெரிய பரிசு கிடைத்தது அதுதான் முதல் முறை. அவருடைய உலகத்தில் ஒவ்வொருவரின் ஆன்மாவும் ஒரு பிராணியாகக் கூடவே நடக்கும். பிள்ளைகளுடையது பூனையாகும், அந்துப்பூச்சியாகும், நொடிக்கு நொடி மாறும். வளர்ந்ததும் ஒரே உருவத்தில் நின்றுவிடும். எனக்கு இதைப் பெரியவளான பிறகு படித்தபோதுதான் தொண்டை அடைத்தது. அக்காவிடம் வாதாட வேண்டாம், அந்தத் தொடரின் முதல் புத்தகத்தைச் சாப்பாட்டு மேஜையில் மறந்து வைத்துவிட்டு வாருங்கள்.

அந்தப் பெண்ணிடம் செய்ய வேண்டியது இதுதான். டைவர்ஜென்ட்டை அவளிடமே கேட்டு வாங்கி, அவளுடைய பிரதியிலேயே மறுபடி படியுங்கள். மடித்து வைத்த பக்கம் ஏதாவது இருந்தால் அங்கே கொஞ்சம் நில்லுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது, "அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்று சொல்லிவிடுங்கள். பிள்ளைகளிடம் பெரியவர்கள் அதைச் சொல்வது ரொம்ப அபூர்வம். பிறகு, ஏன் பிடித்தது என்று கேட்காதீர்கள், அது பரீட்சைக் கேள்வி மாதிரி இருக்கும். "நீ எந்தக் கிண்ணத்தின் மேல கை நீட்டுவ?" என்று கேளுங்கள். உங்கள் கிண்ணத்தையும் உண்மையாகச் சொல்லுங்கள். மூன்றாவது புத்தகத்துக்கு அவள் எப்போது வருவாளோ, அப்போது பக்கத்தில் இருங்கள். அழுதால் அழட்டும், பிடித்துப்போனாலும் போகட்டும்.

அவளே அடுத்து என்ன படிக்கலாம் என்று கேட்டால் மட்டும், ஜான் கிறிஸ்டோபரின் தி ஒயிட் மவுன்டன்ஸ். 1967இல் வந்தது. பதினான்கு வயதானால் எல்லோர் தலையிலும் ஓர் உலோகத் தொப்பி பொருத்தப்படும், அதன்பின் யாருக்கும் எதையும் எதிர்த்துக் கேட்கத் தோன்றாது. கதை சொல்லும் வில்லுக்கு இவள் வயதுதான், அடுத்த வருடம் அவன் முறை. உங்களுக்கு பேட்ரிக் நெஸ்ஸின் தி நைஃப் ஆஃப் நெவர் லெட்டிங் கோ. ஆண்களின் மனதில் ஓடுவதெல்லாம் எல்லோருக்கும் சத்தமாகக் கேட்கிற ஊர். நாய்கூடப் பேசும். படித்துவிட்டு இன்னும் ஆறு பக்கம் எழுதுங்கள்.

தி கிவர் அவள் அலமாரியிலேயே இருக்கட்டும், திருப்பிக் கேட்காதீர்கள். அடையாளச் சீட்டு எந்தப் பக்கத்தில் செருகியிருக்கிறது என்று மட்டும் ஒரு தடவை பார்த்து எனக்கு எழுதுங்கள். பன்னிரண்டாவது அத்தியாயத்துக்கு முன்னால் என்றால், அந்தப் பெண் இன்னும் சிவப்பைப் பார்க்கவில்லை.