வர்ஜீனியா 2018-19: முந்தைய வருடம் அடி வாங்கிய அணி கோப்பை வாங்கிய சீசன் (கேள்வி பதில்)

அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் பேஸ்கட்பாலில் வர்ஜீனியா பல்கலைக்கழக அணி 2018 மார்ச்சில் அதுவரை எந்த அணியும் தோற்காத விதத்தில் தோற்றது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அதே அணி சாம்பியன். அந்த சீசனை ஆட்டம் ஆட்டமாகப் பார்த்தவன் என்பதால், கேட்டவர்களுக்கெல்லாம் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கோவை கல்லூரி மாணவர்: அண்ணா, 2018இல் அப்படி என்ன நடந்தது? ஒரு தோல்விக்கு ஏன் இவ்வளவு பேச்சு?

தம்பி, சீசன் முடிவில் சாம்பியனைத் தீர்மானிக்கும் நாக்-அவுட் போட்டியில் 68 அணிகள், முன்சுற்று முடிந்ததும் 64. நான்கு பிரிவு, ஒவ்வொன்றிலும் 1 முதல் 16 வரை தரவரிசை. முதல் சுற்றில் 1ஆம் இடத்து அணி 16ஆம் இடத்து அணியோடு மோதும். 1985இல் இந்த முறை வந்ததிலிருந்து ஆண்கள் பிரிவில் 135 தடவை அப்படி மோதி, 135 தடவையும் 1ஆம் இடத்து அணிதான் ஜெயித்திருந்தது. (பெண்கள் பிரிவில் 1998லேயே ஹார்வர்ட், ஸ்டான்ஃபோர்டை வீழ்த்திவிட்டது. அதை யாரும் நினைவில் வைப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.)

2018 மார்ச் 16, சார்லட் நகரம். 31 வெற்றி, 2 தோல்வியோடு 1ஆம் இடத்து அணியாக வந்த வர்ஜீனியா, 16ஆம் இடத்து மேரிலாண்ட் பால்டிமோர் கவுண்டி பல்கலைக்கழக அணியிடம் 74-54 என்று தோற்றது. பாதி ஆட்டத்தில் 21-21. இரண்டாம் பாதியில் மட்டும் எதிரணி 53 புள்ளி எடுத்தது, ஜைரஸ் லைல்ஸ் தனியாக 28. கடைசி நொடியில் கைதவறிய தோல்வி இல்லை, 20 புள்ளி வித்தியாசம். அதனால்தான் இத்தனை பேச்சு.

திருச்சி வாசகர்: வர்ஜீனியா மெதுவாக ஆடும் அணி என்கிறார்களே, அதுதான் காரணமா?

பாதிக் காரணம் அதுதான் என்பேன். கல்லூரி ஆட்டத்தில் ஒரு தடவை பந்து கிடைத்தால் எறிய 30 விநாடி உண்டு. பெரும்பாலான அணிகள் பாதி நேரத்திலேயே எறிந்துவிடும். வர்ஜீனியா நல்ல வாய்ப்பு வரும்வரை பந்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் ஒரு ஆட்டத்தில் இரு பக்கமும் பந்து கிடைக்கும் தடவைகள் குறையும். தடவை குறைந்தால், பலமான அணி தன் பலத்தைக் காட்டவும் வாய்ப்பு குறையும். பின்தங்கிவிட்டால் மீண்டு வருவதும் கஷ்டம்.

மீதிக் காரணம், அன்றைக்கு எதிரணி த்ரீ பாயிண்ட் (தூரத்திலிருந்து போட்டால் மூன்று புள்ளி) 24 எறிந்து 12 போட்டது. வர்ஜீனியா 22 எறிந்து 4தான் போட்டது. டிஆண்ட்ரே ஹன்டர் மணிக்கட்டு உடைந்து ஆடவில்லை. உயரமும் வேகமும் ஒருசேர இருந்தவர் அந்த அணியில் அவர்தான்.

பள்ளி அணிக்குப் பயிற்சி தரும் ஒருவர்: அவர்களுடைய "பேக் லைன்" டிபென்ஸை எளிமையாக விளக்க முடியுமா?

சந்தோஷமாகச் சொல்கிறேன் சார், எனக்குப் பிடித்த விஷயமே இதுதான். கோச் டோனி பென்னட்டின் அப்பா டிக் பென்னட் உருவாக்கிய முறை இது. கூடையிலிருந்து ஏறத்தாழ 16 அடியில் ஒரு வளைகோடு இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பந்து வைத்திருப்பவனை ஒருவர் நெருக்கி நிற்பார். மற்ற நால்வரும் அந்தக் கோட்டுக்கு உள்ளே இருப்பார்கள். தன் ஆளை ஒட்டிக்கொண்டு திரியக் கூடாது. தன் ஆளுக்கும் பந்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை அடைக்க வேண்டும். டிரிபிள் செய்து (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடி) உள்ளே நுழைய நினைப்பவனுக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு உடம்பு எதிரே நிற்கும்.

பாஸ் வெளியே போனால் கோட்டுக்கு உள்ளே இருந்தவர் ஓடிப்போய் மறிக்க வேண்டும். அங்கேதான் பயிற்சி தெரியும். முதலில் நீளமான எட்டு, கிட்டே போனதும் சின்னச் சின்ன எட்டு, கை மேலே. முழு வேகத்தில் பாய்ந்து போனால் எதிராளி ஒரு பாவ்லா காட்டிவிட்டு உள்ளே போய்விடுவான். உங்கள் பிள்ளைகளுக்கு வேறு எதுவும் சொல்லித்தர நேரமில்லை என்றால்கூட இந்த ஓட்டத்தை மட்டுமாவது தினமும் செய்ய வையுங்கள்.

குறையும் உண்டு. உள்ளே கூடி நிற்பதால் வெளியே ஆள் சற்று காலியாக இருப்பான். அவன் நல்ல த்ரீ பாயிண்ட் ஆட்டக்காரனாக இருந்துவிட்டால் அடி விழும். 2018இல் அதுதான் நடந்தது. இன்னொன்று: டோனி பென்னட் கல்லூரியில் ஆடியபோது த்ரீ பாயிண்டை 49.7 சதவீதம் போட்ட மனிதர். அப்படி எறியத் தெரிந்தவர் தடுப்பாட்டத்தை இவ்வளவு நேசித்தார் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

சேலம் வாசகி: தோற்ற பிறகு எதை மாற்றினார்கள்?

அடிப்படையை மாற்றவில்லை. அதே பேக் லைன், அதே நிதானம். எனக்கு இந்த அணி மேல் மரியாதை வந்ததே இதனால்தான். ஒரு ராத்திரி தோற்றதற்காகப் பத்து வருட உழைப்பைத் தூக்கிப்போடவில்லை.

மாறியது ஆட்களும் தாக்குதலும். ஹன்டர் குணமாகி வந்தார். 5 அடி 9 அங்குல கிஹே கிளார்க் முதலாம் ஆண்டு மாணவராகச் சேர்ந்தார். அலபாமாவிலிருந்து பிராக்ஸ்டன் கீ வந்தார். கைல் கை, டை ஜெரோம், ஹன்டர் மூவருமே வெளியிலிருந்து எறிவார்கள் என்பதால், முன்பு போல டிபென்ஸை மட்டும் நம்பிப் பிழைக்க வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் அந்தத் தோல்வியை அவர்கள் மறைக்கவே இல்லை. கைல் கை தன் மனப்பதற்றத்தைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். கோச்சும் ஒவ்வொரு பேட்டியிலும் அதைப் பற்றிக் கேட்டபோது முகம் சுளிக்காமல் பதில் சொன்னார்.

கேள்வி: சீசனில் எத்தனை தோல்வி?

மொத்தம் 35 வெற்றி, 3 தோல்வி. டியூக்கிடம் இரண்டு தடவை, ஏசிசி (வர்ஜீனியா ஆடும் வட்டார லீக்) தொடரின் அரையிறுதியில் ஃப்ளோரிடா ஸ்டேட்டிடம் ஒரு தடவை. அவ்வளவுதான்.

சென்னை வாசகர்: முதல் சுற்றில் மறுபடி 16ஆம் இடத்து அணி வந்தபோது பயந்திருப்பார்களே?

பார்த்த எனக்கே வயிற்றைக் கலக்கியது. கார்ட்னர்-வெப் அணி முதல் பாதியில் 14 புள்ளி முன்னே போய்விட்டது. பாதி ஆட்டத்தில் 36-30. அந்த நேரத்தில் அரங்கில் இருந்த ஒவ்வொருவர் மனதிலும் போன வருடம்தான் ஓடியிருக்கும். இரண்டாம் பாதியில் பிடியை இறுக்கி 71-56 என்று முடித்தார்கள். அன்று மமாடி டியாகிட்டே 17 புள்ளி எடுத்தார். கினி நாட்டிலிருந்து வந்த பையன். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே வாசகர்: பர்டியூ ஆட்டத்தின் கடைசி விநாடிகளைப் பற்றிச் சொல்லுங்கள்.

லூயிவில்லில் காலிறுதி. ஜெயித்தால் கடைசி நால்வரில் இடம். பர்டியூவின் கார்சன் எட்வர்ட்ஸ் 10 த்ரீ பாயிண்ட் போட்டு 42 புள்ளி எடுத்தார்; சில எறிதல்கள் எவ்வளவோ தூரத்திலிருந்து. யாராலும் தடுக்க முடியவில்லை.

5.9 விநாடி மிச்சம், பர்டியூ 70-67. ஜெரோம் ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காகக் கிடைக்கும், யாரும் மறிக்காத எறிதல்) எறிய நிற்கிறார். முதலாவது விழுந்தது, 70-68. இரண்டாவது தவறியது. கூட்டத்துக்குள்ளே டியாகிட்டே கையை நீட்டிப் பந்தைப் பின்பக்கம் தட்டிவிட்டார். அது நடுக்கோட்டையும் தாண்டி உருண்டு ஓடியது. துரத்திப் பிடித்தவர் கிளார்க். அவ்வளவு தூரத்திலிருந்து யாராக இருந்தாலும் தானே வீசிப் பார்த்திருப்பார்கள், அல்லது பக்கத்தில் நிற்கும் சீனியரிடம் கொடுத்திருப்பார்கள். அந்த முதலாண்டுப் பையன் தலையை நிமிர்த்திப் பார்த்து, மைதானத்தின் நடுவே நேர்கோடாக டியாகிட்டேவுக்கு எறிந்தான். டியாகிட்டே பிடித்த வேகத்தில் விட்டார். மணி அடிக்கும்போது பந்து காற்றில். உள்ளே விழுந்தது, 70-70. கூடுதல் நேரத்தில் 80-75.

எல்லோரும் டியாகிட்டேவின் எறிதலைத்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். நான் அந்தப் பாஸைத்தான் சொல்வேன்.

ஈரோடு வாசகர்: ஆபர்ன் ஆட்டத்தில் நடுவர் தவறு செய்யாவிட்டால் வர்ஜீனியா அரையிறுதியிலேயே வெளியே. இதை ஏன் யாரும் பேசுவதில்லை?

பேசலாம், நியாயமான கேள்விதான். ஆபர்ன் 62-60 முன்னிலையில் இருந்தபோது ஜெரோம் டிரிபிளை விட்டுப் பிடித்து மறுபடி டிரிபிள் செய்தது ரீப்ளேயில் தெரிகிறது. அது விதிமீறல், ஆனால் நடுவர் ஊதவில்லை. ஊதியிருந்தால் பந்து ஆபர்னுக்குப் போயிருக்கும்.

ஆனால் அதன்பிறகு வந்த ஃபவுல் சரியானது. மூலையிலிருந்து த்ரீ பாயிண்ட் எறிந்த கைல் கையின் உடம்பில் ஆபர்னின் சமிர் டவுட்டி மோதினார். 0.6 விநாடி மிச்சம், மூன்று ஃப்ரீ த்ரோ. இரண்டைப் போட்டதும், பதற்றம் கூடட்டும் என்று ஆபர்ன் டைம் அவுட் எடுத்தது. திரும்பி வந்து மூன்றாவதையும் போட்டார். 63-62. நடுவர் தவறு வாய்ப்பைக் கொடுத்தது; மூன்றையும் போட்டது அந்தப் பையனின் கை. எனக்கு இரண்டுமே உண்மை.

மதுரை மாணவர்: நாம் ஆடும் விதிகளுக்கும் அவர்கள் விதிகளுக்கும் என்ன வித்தியாசம், அண்ணா?

நாம் ஃபிபா விதியில் பத்து பத்து நிமிடமாக நான்கு பகுதி ஆடுகிறோம், எறிய 24 விநாடி. அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் ஆட்டம் 20 நிமிடமாக இரண்டு பாதி, 30 விநாடி. கூடுதல் நேரம் இரண்டிலும் 5 நிமிடம்.

கேள்வி: இறுதி ஆட்டம்?

2019 ஏப்ரல் 8, மினியாபோலிஸ். எதிரே டெக்ஸாஸ் டெக், அவர்களும் டிபென்ஸ் அணி. சப்பென்று போகும் என்று பலர் சொன்னார்கள், நடந்தது நேர்மாறு. 12 விநாடி இருக்கும்போது 3 புள்ளி பின்னே. ஜெரோம் உள்ளே ஓடி, வலது மூலையில் காலியாக நின்ற ஹன்டரிடம் கொடுத்தார். த்ரீ பாயிண்ட், 68-68. கூடுதல் நேரத்தில் வர்ஜீனியா 12 ஃப்ரீ த்ரோ எறிந்து பன்னிரண்டையும் போட்டது. 85-77. ஹன்டர் 27 புள்ளி. எதிரணியின் நட்சத்திரம் ஜாரெட் கல்வர் 22 எறிந்து 5தான் போட முடிந்தது. அவரைப் பெரும்பாலும் மறித்ததும் ஹன்டர்தான். முந்தைய வருடம் கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்தவர்.

நாகர்கோவில் வாசகர்: இப்போது அவர்கள் எல்லாம் எங்கே?

அந்த வருடமே ஹன்டர் 4ஆவதாகவும், ஜெரோம் 24ஆவதாகவும், கைல் கை 55ஆவதாகவும் என்பிஏ (தொழில்முறை லீக்) அணிகள் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்வு செய்யும் டிராஃப்டில் போனார்கள். 2020இல் கொரோனாவால் போட்டியே நடக்கவில்லை, அதனால் கோப்பை இரண்டு வருடம் அவர்களிடம் இருந்தது. பென்னட் 2024 அக்டோபரில், சீசன் தொடங்கும் முன் ஓய்வு பெற்றார். 2025இல் வந்த புதிய கோச் ரையன் ஓடம். 2018இல் வர்ஜீனியாவை வீழ்த்திய அந்த பால்டிமோர் கவுண்டி அணியின் கோச் அவரேதான். அவர் அப்பா முன்பு வர்ஜீனியாவில் உதவி கோச். சின்ன வயதில் அங்கே பந்து எடுத்துப் போட்ட பையன் இந்த ஓடம்.

பயிற்சியாளர் மறுபடி: என் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு ஆட்டம் காட்டுவதென்றால்?

பர்டியூ ஆட்டம், சார். கடைசி விநாடிகளை மட்டும் காட்டாதீர்கள். எட்வர்ட்ஸ் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருக்கும்போது வர்ஜீனியா பையன்கள் யாரும் ஒருவரை ஒருவர் திட்டுவதில்லை, அடுத்த பந்துக்கு ஓடிவந்து தங்கள் இடத்தில் நிற்கிறார்கள். அந்த இடங்களில் நிறுத்தி நிறுத்திக் காட்டுங்கள்.