நேர்த்திக்கடனுக்குள் ஆலோங் எதற்கு?

கேள்வி: என் தம்பி பல வருடமாகத் தினமும் சம்சு என்கிற மலிவுச் சாராயம் குடிக்கிறான். இந்தத் தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருந்து பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுப்பதாக அம்மாவிடம் சொல்லிவிட்டான். செலவுக்கு ஆலோங்கிடம், அதாவது உரிமமில்லாத வட்டிக்காரனிடம், 3,000 வெள்ளி வாங்கலாமா? வட்டி வாரம் 10 விழுக்காடு. நேர்த்திக்கடனைத் தள்ளிப்போடக் கூடாது என்கிறார் அம்மா. (வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: வாங்காதீர்கள், தங்கையே. காலைக்கடன் என்கிறோம், ஈமக்கடன் என்கிறோம், அங்கெல்லாம் கடன் என்றால் செய்தே தீரவேண்டிய கடமை. நேர்த்திக்கடனும் அந்த வகைதான், அதற்குள் ஆலோங்கை நுழைய விடாதீர்கள். வாரம் 300 வெள்ளி கட்டினால் பத்தே வாரத்தில் 3,000 கொடுத்திருப்பீர்கள், முதல் அப்படியே நிற்கும். ஏடிஎம் கார்டையும் கேட்பான், கொடுத்தால் சம்பளம் அவன் கையில். உரிமம் உள்ளவர்களே அடமானமில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்க முடியாது, அதுதான் மலேசியச் சட்டம்.

அப்படி என்ன செலவு? வாடகைக் காவடி, உறுமி மேளம், கூட வருகிறவர்களுக்குச் சாப்பாடு. இதைச் சொல்லிச் சொல்லியே பலரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன், இருந்தாலும் சொல்கிறேன், ஒரு பால்குடம் போதும்.

வட்டியைவிட அந்த விரதம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. தினமும் குடித்துப் பழகிய உடம்பு, ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுங்கும், தூக்கம் போகும், சிலருக்கு இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு வரும், உயிரே போகலாம். அம்மா அதைச் சாமியின் சோதனை என்று நினைத்து விபூதி பூசிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மாலை போடுவதற்கு முன்பே அரசாங்க கிளினிக்குக் கூட்டிப் போங்கள், சீட்டு ஒரு வெள்ளி. எவ்வளவு குடிக்கிறான் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், மருந்து கொடுத்து நிறுத்த வழி இருக்கிறது. அப்புறம் விரதம் இருக்கட்டும். 49ஆம் நாள் என்ன செய்யப் போகிறான் என்பதையும் இப்போதே பேசுங்கள்.

குடியை ஒருவனுடைய பாவமாக மட்டும் பேசுவது எனக்குப் பிடிக்காது. ரப்பர் தோட்டத்துக்குள் கள்ளுக்கடை வைத்துத்தான் நம் ஆட்களைப் பழக்கினார்கள். அதை எதிர்த்து 1947இல் கெடா பீடோங்கில் தோட்டத் தொழிலாளர்களின் தொண்டர் படையினர் கடை முன்னால் மறியல் செய்து போலீசிடம் அடிபட்டார்கள், உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது அந்த இடத்துக்கு. இன்று? குடியை விட நினைப்பவர்கள் வாரம் ஒருநாள் கூடிப் பேச ஒரு கோயிலில் அறை கேட்டேன். கல்யாணத்துக்கு வாடகை விடுகிற இடம் என்று அனுப்பிவிட்டார்கள். இன்னும் நான்கு கோயிலில் கேட்கத்தான் போகிறேன்.

அம்மா ஒத்துக்கொள்ளாவிட்டால் இந்தப் பக்கத்தை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.