முன்பல்லில் புது இடைவெளி விழுந்தால் முதலில் ஈறைப் பாருங்கள்

கேள்வி: வயது 56. ஏற்காட்டில் காபித் தோட்ட மேற்பார்வையாளராக இருக்கிறேன். பற்கள் மஞ்சளாகிவிட்டன. மேல் முன்பற்களுக்கு நடுவே ஒரு வருடமாக இடைவெளி விழுந்திருக்கிறது, துலக்கும்போது கொஞ்சம் ரத்தமும் வருகிறது. யூடியூபில் பார்த்து எலுமிச்சையும் சோடா உப்பும் வைத்துத் தேய்க்கிறேன். சிறுவயதில் ஓமலூர் பக்கம் கிணற்றுத் தண்ணீர் குடித்தது காரணமா? கிளீன் செய்தால் பல் ஆடிவிடும் என்கிறார்கள். என் அப்பாவுக்கு அறுபதிலேயே எல்லாப் பல்லும் விழுந்துவிட்டது. தை மாதம் மகள் கல்யாணம். பல்லை வெள்ளையாக்க வழி சொல்லுங்கள்.

பதில்: அப்பாவைப் போல நமக்கும் ஆகிவிடுமோ என்று பயப்படுகிறீர்கள். அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். வயதானதால் மட்டும் பல் விழுவதில்லை. ஈறும் எலும்பும் நன்றாக இருந்தால் எண்பதிலும் சொந்தப் பல்லால் தட்டுவடை கடிக்கலாம். ஆனால் உங்கள் ஈறு இப்போது நன்றாக இல்லை. அந்த இடைவெளி அதைத்தான் காட்டுகிறது.

வயதாக ஆக, கீழ் முன்பற்கள் லேசாக நெருக்கிக்கொண்டு கோணலாவது சகஜம். மேல் முன்பற்கள் விரிந்து புதிதாக இடைவெளி விழுவது சகஜம் இல்லை. ஈறுக்கு அடியில் காரை படிந்து, அதில் இருக்கும் கிருமிகளால் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைந்துகொண்டே வரும். மழையில் மண் அரித்த சரிவில் சில்வர் ஓக் மரம் சாய்வதுபோல, பிடிமானம் போன பல் மெல்ல முன்னால் சாயும். வலி பெரும்பாலும் இருக்காது. அதனால்தான் பலரும் பல் ஆட ஆரம்பித்த பிறகே வருகிறார்கள்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். மேல் முன்பல்லும் ஈறும் சேரும் இடத்தில் விரல் நுனியை வைத்துக்கொண்டு, பற்களை நாலைந்து முறை கடித்துத் திறங்கள். ஒவ்வொரு கடிக்கும் விரலில் ஓர் அதிர்வு தட்டினால் பல் அசைகிறது என்று அர்த்தம். தட்டவில்லை என்றாலும் இந்த வாரமே பல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மெல்லிய அளவுக்கம்பி ஒன்றை ஈறுக்குள் விட்டு ஆழம் பார்ப்பார். 3 மில்லிமீட்டர் வரை சரி. அதற்கு மேல் போனால் எக்ஸ்ரே எடுத்து எலும்பைப் பார்க்க வேண்டும். கீழே இறங்கி வர முடிந்தால், சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே பல் பிரிவு இருக்கிறது.

அதோடு ரத்தச் சர்க்கரையும் பாருங்கள். சாப்பிடும் முன், சாப்பிட்ட பின் பார்ப்பது மட்டும் போதாது, எச்பிஏ1சி என்ற மூன்று மாதச் சராசரியும் வேண்டும். அது 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்தால் சர்க்கரை நோய். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காது. ஈறைப் பார்த்துச் சர்க்கரையைக் கண்டுபிடித்தவர்கள் நிறைய. பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். புகை ரத்தக்குழாயைச் சுருக்கிவிடுவதால் ஈறு கெட்டிருந்தாலும் ரத்தம் அதிகம் வராது.

கிளீன் செய்தால் பல் ஆடும் என்பது தவறு. ஏற்கெனவே ஆடும் பல்லைக் காரைதான் இறுக்கி வைத்திருக்கும். அதை எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரியும், அவ்வளவுதான். இந்தப் பேச்சைக் கேட்டே எத்தனையோ பேர் காப்பாற்றியிருக்கக்கூடிய பல்லை இழந்திருக்கிறார்கள்.

கிணற்றுத் தண்ணீரை விடுங்கள். சேலம், தருமபுரி பக்கம் ஃப்ளோரைடு மிகுந்த நிலத்தடி நீர் உள்ள ஊர்கள் உண்டுதான். ஆனால் ஃப்ளோரைடால் பல்லில் விழும் கறை எட்டு வயதுக்குள், பல் உருவாகும்போதே விழுவது. பள்ளிக்கூடக் காலத்திலேயே தெரிந்திருக்கும், ஐம்பதுக்கு மேல் புதிதாக வராது.

எலுமிச்சையை இன்றோடு நிறுத்துங்கள். புளிப்பை அளக்கும் பிஎச் (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 5.5க்குக் கீழே போனாலே பல்லின் வெளி ஓடான எனாமல் கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாறு 2க்குப் பக்கத்தில் இருக்கிறது. வயதாகும்போது எனாமல் தேய்ந்து, உள்ளே இருக்கும் மஞ்சள் டென்டின் தெரிவதால்தான் பல் நிறம் மாறுகிறது. மிச்சம் இருக்கும் எனாமலையும் நீங்கள் தேய்த்து எடுத்தால் இன்னும் மஞ்சளாகும், கூசும். போன எனாமல் திரும்ப வளராது. கரித்தூள், செங்கல் பொடி, உப்பு எதுவும் வேண்டாம். மெல்லிய நாரிழை பிரஷ், ஃப்ளோரைடு பேஸ்ட், காலையும் இரவும். ஆரஞ்சு சாப்பிட்டால் அரை மணி நேரம் கழித்துத் துலக்குங்கள்.

அப்புறம் கல்யாணம். காபிக் கறையில் பெரும்பகுதி காரை எடுக்கும்போதே போய்விடும். ஈறு ஆறி ரத்தம் நின்ற பிறகும் வெள்ளை போதாது என்று தோன்றினால், மருத்துவர் உங்கள் பல்லுக்கு அளவெடுத்துச் செய்து தரும் தட்டில் 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல் வைத்து, இரண்டு மூன்று வாரம் இரவில் பல்லில் மாட்டிக்கொள்ளலாம். இடையில் கொஞ்சம் கூசும், போகப் போக அடங்கிவிடும். தொப்பி போட்ட பல்லோ, அடைத்த பல்லோ இருந்தால் அவற்றின் நிறம் மாறாது, அதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். இடைவெளியை மட்டும் ஈறு சரியாகும் முன் பூச்சு வைத்து மூட யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். அடியில் எலும்பு கரைவது நிற்காது, பல் மேலும் விலகும். தைக்குள் மூட முடியாமல் போனால் அந்த இடைவெளியோடே கல்யாணப் போட்டோவுக்கு நில்லுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.