ஷூ பெட்டிக்குள்ள 57 சேவ்

கேள்வி: என் வீட்டுக்காரர் 1991-ல அமெரிக்காவுக்குப் படிக்க வந்தப்போ வாங்கின டாப்ஸ் கம்பெனி பேஸ்பால் கார்டுங்க (ஆட்டக்காரர் படமும் பின்னாடி அவர் கணக்கும் போட்டது) ஒரு ஷூ பெட்டி நிறைய கிடக்கு, தூக்கிப் போடவும் விடமாட்டேங்கிறார். 1990-ல 57 சேவ், அதாவது டீம் முன்னிலையில இருக்கிற மேட்ச்சுல கடைசியா பந்து போட வந்து ஜெயிப்பக் காப்பாத்தி முடிக்கிறது, எடுத்து அப்போ ரெக்கார்டு வச்ச பாபி திக்பென் கார்டுதான் ஒசத்தின்னு அவர் சொல்றார், சேவ் எல்லாம் ஒரு கணக்கான்னு பையன் சிரிக்கிறான். யார் சொல்றது சரி? வித்தா காசு தேறுமா?
– வாசகி, நியூஜெர்சி

பதில்: காசு தேறாதும்மா, அந்த வருஷங்கள்ல மூட்டை மூட்டையா அச்சடிச்சுத் தள்ளிட்டாங்க. 2022-ல 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது பழைய ஸ்டார் ஆட்டக்காரர் மிக்கி மேன்டிலோட 1952 கார்டு, அது வேற கதை. ஆனா பெட்டியத் தூக்கிப் போட்டுடாதீங்க. பாக்கெட்டுக்குள்ள பிங்க் கலர்ல தகடு மாதிரி ஒரு சூயிங்கம் இருக்கும், ரெண்டு கடியில தூளாயிடும், அந்தக் கறை ஒட்டின கார்டு ஒண்ணாவது உள்ள கிடக்கும் பாருங்க, உங்க வீட்டுக்காரர் விடமாட்டேங்கிறது அதுக்காகத்தான்.

கணக்குல பையன் பக்கம்தான் நான். மூணு ரன் லீடு இருக்கும்போது கடைசி இன்னிங்ஸுக்கு வந்து ரெண்டு ரன் குடுத்துட்டு முடிச்சாலும் சேவ்தான். 2007-ல கிளீவ்லாந்து டீம்ல பந்து போட்ட ஜோ போரோவ்ஸ்கி ஈ.ஆர்.ஏ 5.07 வச்சுக்கிட்டு, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு சராசரியா அஞ்சு ரன் குடுக்கிற ஆளு, 45 சேவோட அமெரிக்கன் லீக்லயே முதல் ஆளா வந்தார்! சரி ஈ.ஆர்.ஏ-வ நம்பலாமான்னா அதுலயும் ஓட்டை இருக்கு, முன்னாடி பந்து போட்டவர் பேஸ்ல விட்டுட்டுப் போன எதிர் டீம் ஆளுங்கள அடுத்து வந்தவர் ஓடி ரன் எடுக்க விட்டா அந்த ரன் முன்னாடி போட்டவர் கணக்குலதான் ஏறும். அது எந்தக் கார்டு பின்னாடியும் இருக்காது.

அதுக்காக திக்பென் மட்டம்னு சொல்லல, 1990-ல அவர் ஈ.ஆர்.ஏ 1.83, நல்ல வருஷம்தான். ஆனா 88 இன்னிங்ஸ்ல 32 வாக், அதாவது பந்த சரியாப் போடாம அடிக்கிறவர சும்மாவே முதல் பேஸுக்கு அனுப்புறது. அதே வருஷம் ஓக்லாந்து டீம் டென்னிஸ் எக்கர்ஸ்லி 73 இன்னிங்ஸ் போட்டு வெறும் நாலே நாலு வாக் குடுத்தார், ஸ்ட்ரைக்அவுட் (மூணு ஸ்ட்ரைக்ல அடிக்கிறவர அவுட்டாக்குறது) 73, ஈ.ஆர்.ஏ 0.61. சேவ் 48-தான், அதனால ரெக்கார்டு பேச்சுல ஆளு காணாமப் போயிட்டார்.

பெட்டியில எக்கர்ஸ்லி கார்டு இருக்கான்னு தேடுங்க. கிடைச்சா திருப்பி, 1990 வரியில வாக் கட்டத்த வீட்டுக்காரர்கிட்ட காட்டுங்க, கண்ணாடி போட்டுக்கச் சொல்லுங்க, எழுத்து ரொம்பப் பொடிசு.