கேப் போட்ட பிறகு கடி உயரமாகத் தெரிகிறது, தாடையும் வலிக்கிறது. போகப்போகப் பழகிவிடுமா?

கேள்வி கேட்டவருக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் ரூட் கெனால் செய்து சிர்கோனியா (கெட்டியான வெள்ளைப் பீங்கான் வகை) கேப் போட்டு இரண்டு வாரம் ஆகிறது. வாயை மூடினால் அந்தப் பல்தான் முதலில் முட்டுகிறது, காதுக்கு முன்னால் வலிக்கிறது. ஒரு மருத்துவர் பழகிவிடும் என்றாராம். இன்னொருவர் மொத்தக் கடியுமே சரியில்லை, எல்லாப் பற்களையும் கொஞ்சம் கொஞ்சம் தேய்த்துச் சமப்படுத்தினால்தான் தாடை வலி போகும் என்றாராம்.

நான் பல் மருத்துவன். கேப், பிரிட்ஜ் வேலைதான் அதிகம். என்னைக் கேட்டால் இரண்டு பேச்சையும் கேட்காதீர்கள். கேப் போட்ட இடத்துக்கே போய் அந்த ஒரு கேப்பை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மற்ற பற்களில் இப்போதைக்கு யாரையும் கை வைக்க விடாதீர்கள்.

"நரம்பைத்தான் எடுத்தாயிற்றே, உயரம் எப்படித் தெரியும்?" என்று பலர் கேட்பார்கள். ரூட் கெனாலில் எடுப்பது பல்லுக்குள் இருக்கும் நரம்பை. வேரைச் சுற்றி, எலும்புக்கும் பல்லுக்கும் நடுவே சுமார் 0.2 மில்லிமீட்டரில் ஒரு நார்ச்சவ்வு இருக்கிறது. அழுத்தத்தை உணர்வது அது. அது அப்படியேதான் இருக்கும். பற்களுக்கு நடுவே 20 மைக்ரான் பொருள் மாட்டினாலே பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்துவிடும். அது ஒரு தலைமுடியின் பருமனில் பாதிகூட இல்லை. அதனால் 'சும்மா மனப்பிரமை' என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள்.

கேப் உயரமாக அமைவதற்குக் கவனக்குறைவுதான் காரணம் என்றில்லை. அளவெடுக்கும்போது தாடை லேசாக அசைந்திருக்கலாம். லேபில் பல் மாதிரிகளைப் பொருத்திக் கடி பார்க்கும் கீல், உங்கள் தாடை மாதிரியே அசையாது. தற்காலிகக் கேப் இடையில் கழன்று விழுந்திருந்தால் எதிர்ப் பல் மெல்ல இறங்கி அந்த இடத்தைப் பிடித்திருக்கும். ஒட்டும்போது சிமென்ட் கொஞ்சம் தடித்தாலும் போதும். சாதாரண அடைப்பு என்றால் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். ஊசி போட்டு உதடு மரத்திருக்கும்போது, சாய்ந்து படுத்தபடி "கடிச்சுப் பாருங்க, சரியா இருக்கா?" என்றால் யாருக்குத்தான் சரியாகத் தெரியும்? பாதிப் பேர் "சரி டாக்டர்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும்போதுதான் கண்டுபிடிப்பார்கள்.

சரிபார்ப்பது எப்படி நடக்கவேண்டும் என்று தெரிந்துகொண்டு போங்கள். நாற்காலியில் நிமிர்ந்து உட்காரச் சொல்வார்கள். ஊசி வேண்டாம். பல்லைக் காற்றடித்து உலர்த்தவேண்டும். எச்சில் இருந்தால், அதுவும் வழவழப்பான சிர்கோனியாவில், கார்பன் பேப்பரின் மை ஒட்டாது. அந்தப் பேப்பரை வைத்துத் தட்டித் தட்டிக் கடிக்கச் சொல்வோம். பெரிய அடர்த்தியான புள்ளிதான் உயரமான இடம் என்று நினைக்கத் தோன்றும். அப்படியில்லை. உண்மையிலேயே இடிக்கும் இடத்தில் பெரும்பாலும் நடுவில் மை இல்லாமல், சுற்றி ஒரு வளையமாக விழும். அழுத்தம் தாங்காமல் மை ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். அதற்கும் மேலே ஒரு சோதனை இருக்கிறது. 8 மைக்ரானில் ஒரு உலோகத் தாள் உண்டு. அதைப் பக்கத்துப் பல்லில் வைத்துக் கடிக்கச் சொல்லி இழுத்துப் பார்ப்போம். கேப் இல்லாதபோது இறுகப் பிடித்த தாள், கேப் வந்தபிறகு நழுவினால் கேப் உயரம். விவாதமே தேவையில்லை.

அப்புறம் வேறு நிறப் பேப்பர் வைத்துத் தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தச் சொல்லவேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பக்கவாட்டில் நகரும்போது கோரைப்பல் பாரத்தை வாங்கிக்கொண்டு கடைவாய்ப் பற்கள் விலகுவது நல்லது. பாக்குவெட்டியில் பாக்கை ஆணிக்குப் பக்கத்தில் வைத்தால்தானே எளிதில் நறுக்குகிறது? தாடை மூட்டுக்கு அருகில் இருப்பதால் கடைவாய்ப் பல்லிலும் விசை அப்படித்தான் ஏறும். நேராக வரும் பாரத்தை அது தாங்கும், பக்கவாட்டில் இழுத்தால் சிரமம். கேப் மேலே ஒட்டிய பீங்கான் உடைவதும், எதிர்ப் பல் விரிசல் விடுவதும் பல சமயம் இப்படித்தான். தேய்த்து முடித்ததும் பாலிஷ் போடச் சொல்லிக் கேளுங்கள். சொரசொரப்பாக விட்ட சிர்கோனியா எதிர்ப் பல்லின் எனாமலை அரித்துவிடும்.

'பழகிவிடும்' என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இயற்கை வேர் என்றால் பல் மெல்ல உள்ளே அழுந்தி உயரம் குறையும். ஆனால் ஐந்து நிமிட வேலைக்காக அந்த வலியை ஏன் சுமக்கவேண்டும்? இம்பிளான்ட், அதாவது எலும்பில் பதிக்கும் செயற்கை வேர் என்றால் அதுவும் கிடையாது. அங்கே நார்ச்சவ்வே இல்லை. அழுந்தவும் அழுந்தாது, உயரம் சரியாக உணரவும் வராது. லேசாகக் கடிக்கும்போது தாள் நழுவும்படியாகத்தான் இம்பிளான்ட் கேப்பை அமைப்போம்.

இனி தாடை. கடிதான் தாடை வலிக்குக் காரணம் என்ற எண்ணம் பழையது. 1934-ல் ஜேம்ஸ் காஸ்டன் என்ற அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர், கடைவாய்ப் பற்கள் போய்க் கடி இறங்கியவர்களின் காது வலியையும் தலைசுற்றலையும் தாடை மூட்டோடு சேர்த்து எழுதினார். அதன்பின் பல பத்தாண்டுகள் உலகெங்கும் பற்களைத் தேய்த்தார்கள். ஆய்வுகள் அதற்குத் துணை நிற்கவில்லை. 2003-ல் காக்ரேன் என்ற அமைப்பின் தொகுப்பாய்வு, அதாவது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு, பல்லைத் தேய்த்துக் கடியைச் சரிசெய்வது தாடை மூட்டுக் கோளாறைக் குணமாக்கும் என்பதற்கோ தடுக்கும் என்பதற்கோ ஆதாரம் இல்லை என்றது. கோணல்மாணலான கடியோடு ஒரு வலியும் இல்லாமல் முறுக்கைக் கடிப்பவர்களைத் தினமும் பார்க்கிறோம்.

உங்கள் விஷயத்தில் நான் சந்தேகப்படுவது வேறு. உயரமான பல்லைத் தவிர்க்கத் தாடையைத் தெரியாமலே ஒதுக்கிப் பிடிப்பீர்கள், தசை அசந்துபோகும். கேப்பைச் சரிசெய்தால் பெரும்பாலும் சில நாட்களில் அடங்கிவிடும். அடங்காவிட்டால் வெந்நீர் ஒத்தடம், கொஞ்ச நாள் மென்மையான சாப்பாடு. வேலை செய்யும்போது பல்லைக் கடித்துக்கொண்டே இருக்கிறீர்களா என்று கவனியுங்கள். சும்மா இருக்கும்போது மேல் கீழ்ப் பற்களுக்கு நடுவே 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கவேண்டும். இரவில் நறநறவென்று கடிக்கும் பழக்கம் இருந்தால் தூங்கும்போது மாட்டிக்கொள்ள, எல்லாப் பற்களையும் மூடும் கெட்டியான உறை, நைட் கார்டு. இதெல்லாம் வேண்டாம் என்றால் நிறுத்திக்கொள்ளலாம். தேய்த்த எனாமல் திரும்ப வராது.

ஒருவர் மஞ்சப்பையில் தன் பற்களின் பழைய பிளாஸ்டர் மாடல்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வந்தார். வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு மாடலிலும் மேடு பள்ளம் குறைந்துகொண்டே வந்திருந்தது. கடைசி மாடலில் கடைவாய்ப் பற்கள் தட்டையாகிவிட்டன. தாடை வலி மட்டும் முதல் மாடல் காலத்தில் இருந்தது போலவே இருந்தது.

பல் வேலையே செய்யாமல் திடீரென்று கடி மாறினாலோ, வாய் இரண்டு விரல் அளவுக்குக்கூடத் திறக்காமல் பூட்டிக்கொண்டாலோ, அது கேப் விவகாரம் இல்லை. அதற்குத் தாமதிக்காமல் வாய், முக அறுவைச் சிகிச்சை மருத்துவரிடம் காட்டுங்கள்.