எண்ணெய் வழியும் முகம் ஏன் இழுக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 26. வண்ணார்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. காலை பத்து மணிக்கு உள்ளே போனால் இரவு ஒன்பதுக்குத்தான் வெளியே வருவேன். நாள் முழுக்க ஏசி. பதினொரு மணிக்கெல்லாம் நெற்றியும் மூக்கும் எண்ணெய் வழிய ஆரம்பித்துவிடும். சோப்புப் போட்டுக் கழுவினால் கொஞ்ச நேரம் நன்றாக இருக்கும். அப்புறம் கன்னம் இரண்டும் இழுக்கும். மூக்கோரம் தோல் உரிகிறது. ஒரு நாளைக்கு ஐந்து முறை கழுவுகிறேன். வாரம் மூன்று நாள் முல்தானி மிட்டியில் எலுமிச்சைச் சாறு கலந்து போடுகிறேன். நான்கு லிட்டர் தண்ணீர் குடிக்கிறேன். ஆச்சி தேங்காய் எண்ணெய் தேய்க்கச் சொல்கிறார்கள். மதினியோ எண்ணெய் பக்கமே போகாதே என்கிறார்கள். வீட்டில் போர் தண்ணீர்தான். நான் என்ன செய்ய?
- பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை

பதில்: உங்கள் முகத்தில் எண்ணெய்க்குக் குறைவில்லை, தண்ணீர்தான் இல்லை. இரண்டும் வெவ்வேறு இடத்துச் சங்கதி என்பதால் ஒரே முகத்தில் சேர்ந்தே இருக்கும். எண்ணெய் சுரப்பது மயிர்க்கால்களை ஒட்டிய சுரப்பிகளில். அதைக் கூட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் ஹார்மோன்தான். எத்தனை முறை முகம் கழுவினாலும் அந்தச் சுரப்பி அசராது. தண்ணீர் நிற்பது தோலின் ஆக மேலே இருக்கும் மெல்லிய அடுக்கில். அங்கே செல்களுக்கு நடுவே செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் மூன்றும் கலந்த ஒரு பூச்சு உண்டு. ஈரம் ஆவியாகாமல் பிடித்து வைப்பது அதுதான். சோப்பு, வழியும் எண்ணெயோடு இந்தப் பூச்சையும் சேர்த்து அரித்துக்கொண்டு போகிறது. எண்ணெய் சில மணி நேரத்தில் திரும்ப வந்துவிடும். பூச்சு சரியாகப் பல நாள் ஆகும். அதற்குள் நீங்கள் இன்னும் எத்தனையோ தடவை கழுவிவிடுகிறீர்கள்.

சந்தேகம் இருந்தால் லீவு நாளில் சோதித்துப் பாருங்கள். முகத்தைக் கழுவி, ஒற்றித் துடைத்து, அரை மணி நேரம் ஒன்றும் தடவாமல் இருங்கள். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, கன்னத்தை ஒரு விரலால் லேசாக மேலே தள்ளுங்கள். நெற்றி மினுங்கும்போதே கன்னத்தில் கசங்கிய காகிதம் மாதிரி நுண்ணிய கோடுகள் விழுந்தால், ஈரம் வற்றிய எண்ணெய்ச் சருமம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் மாற்ற வேண்டியது கழுவும் முறை. நல்ல நிலையில் இருக்கும் தோலின் பிஎச், அதாவது அமில-கார அளவு, 5-ஐ ஒட்டி இருக்கும். சாதாரணக் குளியல் சோப்பு 9, 10 வரை போகும். அதோடு உங்கள் வீட்டு போர் தண்ணீரும் சேர்ந்துகொள்கிறது. அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத ஒரு படிவமாகிவிடும். பாத்ரூம் வாளியின் உள்பக்கம் வெள்ளையாகப் படிந்திருக்கிறதே, அதேதான். முகத்திலும் அது நின்றுகொண்டு தோலை எரிச்சலாக்கும். தாமிரபரணித் தண்ணீரில் சோப்பு நுரைக்கிற அழகையும் போர் தண்ணீரில் நுரைக்காமல் இழுபடுவதையும் நம் ஊரில் பார்க்காதவர் இல்லை. ஆகவே முகத்துக்கு சோப்பை நிறுத்துங்கள். ‘சோப்-ஃப்ரீ’ என்றோ ‘பிஎச் 5.5’ என்றோ லேபிளில் போட்ட, அதிகம் நுரைக்காத ஃபேஸ் வாஷ் வாங்குங்கள். இதற்கு உப்புத் தண்ணீரில் அந்தப் படிவம் வராது. கடைசியாக அலச மட்டும் மாநகராட்சிக் குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரோ ஃபில்டர் தண்ணீரோ ஒரு செம்பு போதும். போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் உப்பு போய்விடும் என்பார்கள். பாத்திரத்து அடியில் படிகிற பங்கு மட்டும்தான் போகும், மிச்சம் அதிலேயே இருக்கும்.

காலையில் வெறும் தண்ணீர். இரவு வேலை முடிந்து வந்ததும் ஃபேஸ் வாஷ், அரை நிமிடத்துக்கு மேல் தேய்க்காமல். கடையில் கழுவவே வேண்டாம். பதினொரு மணிக்கு எண்ணெய் தெரிந்தால் டிஷ்யூ பேப்பரையோ துவைத்து மெத்தென்றான பழைய வேட்டித் துணியையோ நெற்றியில் ஐந்து விநாடி வைத்து அழுத்தி எடுங்கள். தேய்க்கக் கூடாது. ஏசியில் முகம் காய்கிறது என்று தண்ணீர் ஸ்ப்ரே அடித்துக்கொள்கிற பழக்கம் கடைப்பெண்கள் பலரிடம் இருக்கிறது. அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், முகத்துக்கு ஒன்றும் தங்காது. ஏசி காற்று நேராக முகத்தில் அடிக்கிற இடத்தில் நின்றால், முடிந்தவரை ஓர் அடி தள்ளி நில்லுங்கள்.

இனி ஈரம் ஏற்றுவது. மெடிக்கலில் கிளிசரின் சின்ன பாட்டில் வாங்குங்கள். அரை டீஸ்பூன் கிளிசரினுக்கு 10 டீஸ்பூன் பன்னீர். கிட்டத்தட்ட 5 சதவீதக் கரைசல் வரும், அவ்வளவு போதும். கிளிசரினை அப்படியே தடவினால் பிசுபிசுக்கும். காற்று காய்ந்திருக்கும்போது வெளியிலிருந்து இழுக்க ஈரம் கிடைக்காமல் அடித்தோலின் ஈரத்தை மேலே இழுத்துவிடும். பன்னீரிலும் ஒரு கவனம் வேண்டும். பூஜைச் சாமான் கடையில் கிடைப்பதில் பல, தண்ணீரில் வாசனை சேர்த்தவை. அதைக் கல்யாண வீட்டு வாசலில் தெளிக்கலாம், முகத்துக்கு வேண்டாம். ரோஜாப்பூவை வடித்தெடுத்தது என்று போட்டிருக்கும் பாட்டில் கிடைக்காவிட்டால், கொதித்து ஆறிய ஃபில்டர் தண்ணீரே நல்லது. கெடாமல் இருக்க இதில் மருந்து எதுவும் சேர்க்கவில்லை என்பதால் சுத்தமான சின்ன பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். ஐந்து நாளில் மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.

முகம் கழுவித் துண்டால் ஒற்றியதும், ஈரம் முழுதாகக் காய்வதற்குள் இதைத் தடவ வேண்டும். இரண்டு மூன்று நிமிடம் தாண்டினால் பலன் குறையும். அதன் மேல் எண்ணெய் சேர்க்காத ஜெல் மாய்ஸ்சரைசர், பட்டாணி அளவு. இந்த மேல்மூடி இல்லாவிட்டால் கீழே ஏற்றிய ஈரம் நிற்காது. எண்ணெய்ச் சருமத்துக்கு மாய்ஸ்சரைசர் எதற்கு என்று இந்த இடத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நியாசினமைடு (வைட்டமின் பி3-இன் ஒரு வகை) 2 முதல் 5 சதவீதம் வரை உள்ளதாகக் கிடைத்தால் வாங்குங்கள். தோலின் பூச்சைத் தேற்றுவதோடு எண்ணெயையும் ஓரளவு மட்டுப்படுத்தும். பகலில் வெளியே போகும்போது எஸ்பிஎஃப் 30 ஜெல் சன்ஸ்கிரீன், இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகத்துக்கும் கழுத்துக்கும்.

வீட்டு வைத்தியம் ஏதாவது வேண்டும் என்றால், இப்போதைக்கு உங்களுக்குச் சோற்றுக் கற்றாழை ஒன்றுதான் சொல்வோம். அதையும் பறித்தவுடன் பிளந்து பூசுவதால்தான் பலருக்கு அரிக்கிறது. தோலுக்கும் சதைக்கும் நடுவே மஞ்சளாக, கசப்பாக ஒரு பால் இருக்கிறது, அரிப்புக்குக் காரணம் அது. ஓரத்து முதிர்ந்த மடலை அடியோடு வெட்டி, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி டம்ளரில் 20 நிமிடம் நிறுத்தி வையுங்கள். மஞ்சள் பால் டம்ளரில் இறங்கிவிடும். மடலைக் கழுவி, இரண்டு பக்க முள்ளையும் சீவி, பச்சைத் தோலை எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் கண்ணாடிக் கட்டியை இன்னொரு முறை கழுவுங்கள். கரண்டியால் மசித்து டீ வடிகட்டியில் வடித்தால் தடவ வழுவழுவென்று வரும். முதல் முறை முழங்கை உள்மடிப்பில் தடவி ஒரு நாள் பொறுத்திருந்து, அரிக்காவிட்டால் முகத்துக்குப் போடலாம். 10 நிமிடம், வாரம் இரண்டு முறை. முகத்திலேயே காயவிட்டால் படலமாகி மறுபடி இழுக்கும். ஈரமாக இருக்கும்போதே கழுவிவிட்டு மாய்ஸ்சரைசர் போடுங்கள். வடித்த சாறு ஃபிரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும்.

முல்தானி மிட்டியை மூன்று வாரம் தொடவே வேண்டாம். களிமண் எண்ணெயை உறிஞ்சுவது உண்மைதான், ஆனால் காயக் காய ஈரத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். அது வெடித்து, வாய் திறக்க முடியாமல் இறுகும்போதுதான் வேலை செய்கிறது என்று நினைக்கிறார்கள். அந்த நேரத்தில் நடப்பது முழுக்க நஷ்டம். தோல் தேறிய பிறகு 1 டீஸ்பூன் மிட்டி, 1 டீஸ்பூன் தயிர், அரை டீஸ்பூன் தேன் கலந்து நெற்றி, மூக்கு, தாடை மூன்றுக்கும் மட்டும், கன்னத்தை விட்டுவிட்டு. ஓரம் வெளுக்கத் தொடங்கியதும், ஏழெட்டு நிமிடத்தில், கையை நனைத்து எடுத்துவிடுங்கள். வாரம் ஒரு முறைக்கு மேல் வேண்டாம்.

எலுமிச்சைச் சாறு இனி எப்போதும் முகத்துக்கு வேண்டாம். அதன் பிஎச் 2-ஐ ஒட்டியது. உரிகிற தோலில் அதைப் போட்டு வெயிலில் நடந்தால் கரும்படை விழும், அது மறைய மாதக்கணக்காகும். பேக்கிங் சோடாவும் கூடாது. சிறுபயறு மாவு கெட்டதில்லை. ஆனால் மெஷினில் திரித்த மாவை அப்படியே தேய்த்தால் உமி கீறும். மெல்லிய துணியில் சலித்த மாவை, தோல் உரிவது நின்ற பிறகு, நீர்க்கக் கரைத்துத் தடவிக் கழுவலாம். நுங்குத் தண்ணீர் வேர்க்குருவுக்கு இதமாக இருக்கும், முகத்தில் தடவினால் பிசுபிசுப்பு போகக் கழுவிவிட வேண்டும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். நுங்கைச் சாப்பிட்டுவிடுவது உத்தமம்.

தேங்காய் எண்ணெய் விஷயத்தில் உங்கள் முகத்துக்கு மதினி சொல்வதே சரி. அது துவாரங்களை அடைக்கக்கூடியது. ஆச்சி சொல்வதைக் கைகால்களுக்குச் செய்யுங்கள், குளித்த ஈரத்தோடு தடவினால் அருமையாக நிற்கும். தலைக்கு வைக்கும் எண்ணெயும் வகிட்டிலிருந்து நெற்றிக்கு இறங்கும். இரவு எண்ணெய் வைத்தால் முடியைப் பின்னிக் கட்டிவிட்டுப் படுங்கள், தலையணை உறையை வாரம் ஒரு முறையாவது மாற்றுங்கள்.

குடிக்கும் தண்ணீர் நேராக முகத்துக்குப் போவதில்லை. உடம்புக்குத் தேவையானது கிடைத்துவிட்டால், மேலும் குடிப்பது சிறுநீராகப் போகும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான அளவு குடிக்கிறீர்கள் என்று அர்த்தம். நான்கு லிட்டர் என்று கணக்கு வைத்துக் குடிக்க வேண்டாம்.

மூக்கோரம் உரிவதை மட்டும் தனியாகக் கவனியுங்கள். உரியும் தோல் மஞ்சளாக, எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்து, புருவத்திலும் வந்து, தலையில் பொடுகும் இருந்தால் அது வறட்சி இல்லை, செபோரிக் டெர்மடைட்டிஸ் என்கிற தோல் அழற்சி. எண்ணெய் தடவினால் அதிகமாகும். மாதவிலக்கு தள்ளிப்போவது, தாடையில் முடி, முகப்பரு இவை சேர்ந்திருந்தால் ஹார்மோனைப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி தோல் பிரிவில் ஓ.பி. சீட்டுப் போட்டுக் காட்டலாம். மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்கும் ‘வெள்ளையாக்கும்’ க்ரீம்கள் மட்டும் வேண்டவே வேண்டாம். அவற்றில் பல, ஸ்டீராய்டு கலந்தவை. முதல் வாரம் முகம் மின்னும், மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து சிவக்கும், நிறுத்தினால் பருவாகக் கொட்டும்.

இப்படிச் செய்தால் இழுப்பு ஒரு வாரத்தில் குறையத் தொடங்கும். உரிவது நிற்க மூன்று வாரம் கொடுங்கள். எண்ணெய் முழுதாக நிற்காது, நிற்கவும் வேண்டாம். ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் என்றால் நமக்கு மலை தாண்டி வரும் காய்ந்த காற்றுதான். அந்த இரண்டு மாதமும் மிட்டியை இரண்டு வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்து, இரவில் மாய்ஸ்சரைசரைக் கன்னத்துக்கு மட்டும் இரண்டாம் முறை தடவுங்கள். ஐப்பசி மழை பிடித்ததும் காற்றிலேயே ஈரம் இருக்கும். அப்போது கிளிசரின் தண்ணீரை நிறுத்திவிட்டு ஜெல் மட்டும் போட்டால் போதும்.