வேப் ஹீட்டர்ல ஏர்ஃப்ளோ பண்றேன்னு பையன் நிக்கிறான், என்ன பண்றதுன்னு கேட்ட அப்பாவுக்கு

வணக்கம் சார், உங்க மெசேஜ் முழுசா படிச்சேன். பையன் மெக்கானிக்கல் மூணாவது வருஷம், ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு வேப் (இ-சிகரெட்) ஹீட்டரோட ஏர்ஃப்ளோ, அதாவது உள்ள காத்து ஓடற வழியோட டிசைன்தான் எடுப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான், போலீஸ் கேஸ் ஆயிடுமா, இதை வச்சு வேலை கிடைக்குமா, இவனே இழுக்கிறானோ, பெங்களூர் ராமமூர்த்தி நகர்ல சொந்தக்காரங்க காதுக்குப் போனா என்ன ஆகும்னு எல்லாத்தையும் சேர்த்துக் கேட்டிருக்கீங்க. சொந்தக்காரங்கள விட்டுடுங்க சார், மத்ததுக்கு வரேன்.

முதல்ல சட்டம், ஏன்னா இதுல உங்க பயம் நியாயமானது. கர்நாடகாவுல இ-சிகரெட்டுக்கு 2016லயே தடை வந்தாச்சு, 2019 செப்டம்பர்ல மத்திய அரசு அவசரச் சட்டம் போட்டு அதே வருஷம் டிசம்பர்ல நாடு முழுக்கச் சட்டமாவே ஆக்கிட்டாங்க. தயாரிக்கறது, இறக்குமதி, ஏற்றுமதி, விக்கிறது, ஸ்டாக் வைக்கிறது, விளம்பரம் எல்லாமே குத்தம். முழு சாதனமா இல்ல வெறும் பார்ட்டா இருந்தாலும் குத்தம்தான், நிகோடின் இல்லேன்னாலும் அதே கதைதான். முதல் தடவை மாட்டினா 1 வருஷம் வரைக்கும் ஜெயில் இல்லேன்னா 1 லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டுமேகூட போடலாம், ஸ்டாக் வைக்கிறதுக்கு மட்டும் 6 மாசம் வரைக்கும் ஜெயில் இல்லேன்னா 50,000 வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டுமே. அதனால லேப்ல காயில் (சூடாகற கம்பிச் சுருள்) சுத்தி ஒரு மாடல் பண்ணிப் பாக்கறேன், ஆன்லைன்ல ஒரு பீஸ் வரவழைச்சுப் பிரிச்சுப் பாக்கறேன்னு சொன்னான்னா கண்டிப்பா வேண்டாம்னு சொல்லுங்க, இதுல ரெண்டாவது பேச்சே கிடையாது.

ஆனா நீங்க போட்டோ எடுத்து அனுப்பின நோட்டுப் பக்கத்த நான் ரொம்ப நேரம் பாத்தேன் சார். உங்களுக்கு அது கிறுக்கலா தெரிஞ்சிருக்கும், எனக்கு அப்படித் தெரியல. ஒரு இழுப்புக்கு 55 மில்லி காத்து, 3 செகண்டுன்னு எடுத்திருக்கான், அது டெஸ்டிங் மெஷின்களுக்கு உலக அளவுல வச்சிருக்கற அளவு, தேடித்தான் எடுத்திருக்கான். அந்தக் காத்து 2 மில்லிமீட்டர் ஓட்டை வழியா போனா வேகம் செகண்டுக்கு 5.8 மீட்டர், காத்து சீரா ஓடுதா சுழலுதான்னு காட்டற ரெனால்ட்ஸ் நம்பர் 780 பக்கம் வருது, அப்போ இது லாமினார் ஃப்ளோ, அதாவது சீரான ஓட்டம், சுழல் ஓட்டத்துக்கான (டர்புலன்ஸ்) கே-எப்சிலான் மாடல் போடக்கூடாதுன்னு ஓரத்துல எழுதி ரெண்டு கோடு போட்டிருக்கான். நிறைய பசங்க சாஃப்ட்வேர்ல டர்புலன்ஸ் மாடல யோசிக்காம போட்டுட்டு கலர் கலரா படம் எடுத்து ரிப்போர்ட்ல ஒட்டிடுவாங்க, கை கணக்கு போட்டுட்டு அப்புறம் கம்ப்யூட்டர் பக்கம் போற பையன் கிடைக்கறது அபூர்வம். ஓட்டைய 1 மில்லிமீட்டர் ஆக்கினா வேகம் 4 மடங்கு, பிரஷர் லாஸ் சுமார் 16 மடங்குன்னும் போட்டிருக்கான், அதுவும் சரிதான்.

அவன் மண்டைக்குள்ள ஓடற கேள்வி என்னன்னா, சூடான காயில் மேல காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து வரணும். பஞ்சுல ஊறின திரவத்த காயில் ஆவியாக்குது, வர்ற காத்து ஆவிய இழுத்துட்டுப் போகுது, போற வழியில ஆவி குளிர்ந்து பொடிப் பொடி துளியாகுது, காயிலும் கூடவே கொஞ்சம் குளிருது. காத்து பத்தலேன்னாலோ பஞ்சு காஞ்சு போனாலோ காயில் சூடு எகிறி திரவத்துல இருக்கற கிளிசரின், புரொப்பிலீன் கிளைகால் எல்லாம் உடைஞ்சு ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் மாதிரி விஷம் வருது. ஓட்டைய கீழ வச்சா காத்து நேரா காயில்ல படும், ஆனா திரவம் அது வழியா கசியும், பக்கத்துல வச்சா கசிவு குறையும், காத்து சரியா படாது. இப்படி ஒண்ணை சரி பண்ணா இன்னொண்ணு கெடுற பிரச்சனைலதான் டிசைன் கத்துக்க முடியும், பையனுக்கு இது பிடிச்சுப் போனதுல எனக்கு ஆச்சரியமே இல்ல.

அதனால நான் சொல்றது இதுதான் சார், சாதனத்த மாத்தச் சொல்லுங்க, கேள்விய பிடுங்காதீங்க. இதே சூடு, இதே ஈரம், இதே காத்து ஆஸ்பத்திரில ஒரு மெஷின்ல இருக்கு, வெண்டிலேட்டர் கூட மாட்டற ஹீட்டட் ஹியூமிடிஃபையர். தொண்டையில ட்யூப் போட்ட நோயாளிக்குக் காத்து மூக்கு வழியா போகாது, அதனால காத்த சூடு பண்ணி ஈரமாக்கி அனுப்பணும், உடம்பு எதிர்பார்க்கறது 37 டிகிரில லிட்டருக்கு 44 மில்லிகிராம் தண்ணி. ஐசியூல ஏசி குளிருக்கு ட்யூப்ல தண்ணி கட்டிக்கும், நர்ஸ் வந்து வந்து வடிக்கணும், ட்யூப்புக்குள்ள ஹீட்டர் ஒயர் விட்டுத்தான் அதைக் குறைக்கறாங்க. உங்க பையன் நோட்டுல போட்ட கணக்குல பெரும்பாதி அப்படியே இங்க வரும், இதுக்கு ப்ரொபசரும் கையெழுத்து போடுவார், இன்டர்வியூல நெஞ்ச நிமித்திச் சொல்லலாம். கொரோனா சமயத்துல மைசூர் ஸ்கேன்ரே டிசைனை வச்சு நம்ம ஊர் பிஇஎல்தான் (பாரத் எலெக்ட்ரானிக்ஸ்) 30,000 வெண்டிலேட்டர் செஞ்சு கொடுத்தது, அதனால இது ஏதோ ஃபாரின்ல மட்டும் நடக்கற வேலைன்னு நினைக்காதீங்க. ஆஸ்துமா நெபுலைசர், இன்ஹேலர் பக்கமும் போகலாம், அங்க துளி 1லேர்ந்து 5 மைக்ரானுக்குள்ள இருந்தாத்தான் நுரையீரலுக்குள்ள போகும். மெடிக்கல் வேண்டாம்னா எலெக்ட்ரிக் வண்டி பேட்டரி கூலிங், சர்வர் கூலிங்னு பெங்களூர்லயே தெர்மல் இன்ஜினியருக்கு வேலை இருக்கு. வேப் கம்பெனிக்கே போறேன்னா சீனாவுல ஷென்ஜென் பக்கம் போகணும், அது ஒரு குறுகின சந்து, என் பிள்ளையா இருந்தா நான் அனுப்ப மாட்டேன்.

படிப்புக்கு இப்போதைக்குக் காசு செலவு பண்ணாதீங்க, 40,000 கட்டு 60,000 கட்டுன்னு சர்டிபிகேட் கோர்ஸ்காரங்க போன் பண்ணா வச்சிடுங்க. ஐஐடிகளோட ஆன்லைன் பாடத் தளம் என்பிடெல்ல ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ், ஹீட் டிரான்ஸ்ஃபர் பாடம் இலவசம், காத்து ஓட்டத்த கம்ப்யூட்டர்ல கணக்கு போடற ஓப்பன்ஃபோம் சாஃப்ட்வேரும் இலவசம், ஐஐடி பாம்பேயோட ஃபாஸீ ப்ராஜெக்ட்ல ஓப்பன்ஃபோம் கேஸ் ஸ்டடி பண்ணித் தரலாம், அது ரெசுமேல போடற மாதிரி நிஜமான வேலை. வீட்லயே ட்ரான்ஸ்பரன்ட் ட்யூப், பழைய கம்ப்யூட்டர் ஃபேன், ஊதுபத்திப் புகை, மொபைல் ஸ்லோமோஷன், இத வச்சு காத்து எப்படி வளையுதுன்னு படம் பிடிச்சு சிமுலேஷன் பக்கத்துல வைக்கச் சொல்லுங்க. மேல படிக்கணும்னா எம்டெக் சேர எழுதற கேட் பரிட்சைல எக்ஸ்இ (இன்ஜினியரிங் சயின்சஸ்) பேப்பர்ல ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் செக்‌ஷன் இருக்கு, மெக்கானிக்கல் பேப்பரும் எழுதலாம், ஐஐஎஸ்சி நம்ம ஊர்லயே இருக்கு.

இழுக்கிறானாங்கற கேள்விய ப்ராஜெக்ட் பேச்சோட கலக்காதீங்க. தனியா ஒரு நாள், அம்மா, தங்கச்சி யாரும் பக்கத்துல இல்லாதப்போ நேரா கேளுங்க, பையைத் துழாவாதீங்க. ஆமான்னு சொன்னான்னா 1800-112-356னு அரசோட க்விட்லைன் இருக்கு, புகையிலைக்கான இலவச நம்பர், நிகோடின் பழக்கம்னா அவங்ககிட்ட பேசலாம். இல்லைன்னு சொன்னா நம்பிடுங்க.

ப்ராஜெக்ட் சினாப்சிஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி கைடுகிட்ட இந்த ஹியூமிடிஃபையர் டாபிக்க ஒரு பக்கமா எழுதிக் காட்டச் சொல்லுங்க, அந்தப் பக்கத்த எனக்கும் அனுப்பட்டும், நான் படிச்சுட்டு அவன்கிட்டயே நேரா பேசறேன். அந்த நோட்டு மட்டும் பத்திரம் சார், கோவத்துல கிழிச்சுடாதீங்க.